வீட்டுக்கு ஒரே சாவி

செப்டம்பர் 4, வியாழன்

காகிதத்தில் எழுதுகிறேன். இந்த வீட்டில் எதோடும் சேராமல் தனியாக இருப்பது இந்தக் கணக்கு நோட்டு ஒன்றுதான். முன்பக்கத்திலிருந்து கணக்கு, பின்பக்கத்திலிருந்து இது. கணக்கு டீச்சர் பின்னால் புரட்ட மாட்டார். முன்னால் புரட்டுவதே அவருக்கு அலுப்பு.

வெளிச்சத்துக்கு அம்மா கொடுத்த கிளிப் விளக்கு. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்தது. பழசாகிவிட்டதென்று எனக்குத் தந்தாள். அதைப் போர்வைக்குள் மாட்டிக்கொண்டு அவளைப் பற்றியே எழுதுகிறேன்.

சாயங்காலம் ஹாலில் பழைய டேப்லெட்டில் அறிவியல் பாடம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் மேல்விளிம்பில் ஒரு செய்தி வந்து நின்றது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து. "உங்கள் வேண்டுகோளின்படி 8ஆம் தேதி சந்திப்பு 16ஆம் தேதிக்கு மாற்றப்பட்டது. மூன்றாம் மாடி, கிழக்குப் பிரிவு."

அது அம்மாவின் போனுக்கு வந்த செய்தி. ஏன் என்னிடம் வந்தது என்று யோசிக்கவே வேண்டாம். நான் செய்து வைத்த வேலைதான்.

அப்பா லிப்ட் மெக்கானிக். அவர் பையில் ஒரு முக்கோணச் சாவி இருக்கிறது. "இந்த ஊர்ல இருக்கற அத்தனை லிப்ட் கதவும் இந்த ஒண்ணுக்குத் திறக்கும்" என்று பெருமையாகச் சொல்வார். போன வருடம் எல்லாருக்கும் போன், டிவி, டேப்லெட் எல்லாம் நான்தான் சரிசெய்து கொடுத்தேன். ஆளுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு கடவுச்சொல் என்று ஆரம்பித்தபோது அப்பா தலையைச் சொறிந்தார். "எதுக்கும்மா அத்தனை? வீட்டுக்கு ஒரே சாவி போதும்." எனக்கும் வேலை மிச்சம். என் பிறந்தநாளையே கடவுச்சொல்லாக வைத்து எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கட்டிவிட்டேன். 

மூன்றாம் மாடி கிழக்குப் பிரிவு எனக்குத் தெரியும். ஊதா நிற நாற்காலிகள். நாலு வருடத்துக்கு முன்னால் அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். உள்ளே பெரியம்மா இருந்தாள், அம்மாவின் அக்கா. மார்பில் கட்டி இருப்பவர்களைப் பார்க்கும் இடம் அது.

பெரியம்மா இப்போது இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

தூங்கவில்லை. ஒரு ராத்திரிக்கு ஃபிரிட்ஜ் எத்தனை தடவை உறுமும் என்று இப்போது எனக்குத் தெரியும். பதினேழு.

செப்டம்பர் 7, ஞாயிறு

சித்தி வந்திருந்தாள். அம்மாவின் தங்கை. ஞாயிறு மதியம் எப்போதும் எங்களோடுதான் சாப்பாடு. கதவைத் திறந்ததும், "தலைமைப் பொறியாளர் வீட்ல இருக்காங்களா? என் போன் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று செருப்பைக் கழற்றுவதற்குள் போனை நீட்டிவிட்டாள். நான் வாங்கிக்கொண்டேன். இன்னொருவர் போனைத் தொடவே இப்போது பயமாக இருக்கிறது.

சமையல் மேடையில் இருக்கும் பேசும் ஸ்பீக்கருக்கு எங்கள் வீட்டில் உருண்டை என்று பெயர். அது பேசுவது ஏட்டுத் தமிழ். சித்தி அதனிடம் மழை வருமா என்று கேட்டாள். "தங்கள் வினா எனக்கு விளங்கவில்லை" என்றது.

"எவ்ளோ மரியாதை பாரு. மாமாவுக்கும் கொஞ்சம் கத்துக்கொடுக்கச் சொல்லுக்கா."

"அது கரண்ட்ல ஓடுது" என்றார் அப்பா. "நான் உங்கக்கா திட்டுல ஓடுறேன். ரெண்டும் ஒண்ணா?"

அம்மா சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள்.

சாப்பிட்ட பிறகு டிவியில் யாரும் எதுவும் பார்க்கவில்லை என்றால் எங்கள் போன்களில் இருக்கும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நான் வைத்ததுதான். பெரியம்மா படம் வந்தது. மழையில் நின்று, மடங்காத குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டு சிரிக்கிற படம். அம்மா ரிமோட்டை எடுத்து அணைத்தாள். "கண்ணு கூசுது."

எப்போதும் அந்தப் படத்துக்குத்தான் கண் கூசுகிறது. எனக்கு இன்றுதான் உறைத்தது.

கேட்டுவிடலாமே என்று தோன்றுகிறது. எப்படிக் கேட்பது? போன மழைக்காலத்தில் அப்பா ஹாலுக்கு ஒரு கேமரா வாங்கி வந்தார். அம்மா பெட்டியைப் பிரிக்கவே விடவில்லை. "வீட்டுக்குள்ள ஒரு கண்ணு இருக்கக்கூடாது. நான் சிரிச்சாலும் அழுதாலும் அது என்னோடது." அப்பாவிடம் அவள் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கேமரா இன்னும் பரண்மேல் பெட்டியோடு கிடக்கிறது.

இப்போது நான் போய், அம்மா உன் செய்தியைப் படித்தேன் என்று சொல்வதா?

செப்டம்பர் 10, புதன்

பள்ளி விட்டதும் கடைக்குப் போனேன். சும்மா. அம்மாவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

ஒரு பெரியவரின் கண்ணாடியில் மூக்குத்தாங்கியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "போன வருஷமே வந்து டெஸ்ட் பண்ணிக்கச் சொன்னேன், வந்தீங்களா? தள்ளிப்போட்டா கண்ணு தானா சரியாயிடுமா?" என்று அதட்டினாள். அவர் பள்ளிப்பையன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் கண்ணாடிச் சட்டங்கள் மாட்டிய சுவரைப் பார்த்தபடி நின்றேன். நூறு கண்ணாடி. ஒன்றிலும் கண் இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

அப்பாவிடம் சொல்லிவிட இருந்தேன்.

வேலையிலிருந்து வந்து கிரீஸ் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். இன்று ஒரு ஆள் இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டானாம். மணியை அடிக்கவே இல்லையாம். ரெண்டு மணி நேரம் கழித்து வேறு யாரோ லிப்ட் வரவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் தெரிந்ததாம்.

"ஏன்டா அடிக்கலைன்னு கேட்டா, மணி அடிச்சா எல்லாருக்கும் கேக்குமே சார்ங்கறான். வெக்கமாம். உள்ள வேர்த்து ஊத்தி நிக்குறான், வெக்கப்படுறான்."

"அப்பா" என்றேன்.

"என்னம்மா?"

போன் அடித்தது. வேறொரு கட்டடம். கையைத் துடைத்துக்கொண்டே கிளம்பிவிட்டார்.

அம்மா எங்களுக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். அப்பா வேலைக்குக் கிளம்பும்போது கெட்ட செய்தி எதுவும் அவர் காதில் விழக்கூடாது. "லிப்ட் மேல நிக்கிற ஆள்கிட்ட கீழேர்ந்து கத்தக்கூடாது." என் மதிப்பெண்ணைக்கூட ஞாயிற்றுக்கிழமைதான் சொல்வோம். ஆனால் அப்பா எப்போதுமே ஏதாவது ஒரு லிப்டின் மேல்தான் நிற்கிறார். அப்புறம் எப்போதுதான் சொல்வது?

செப்டம்பர் 15, திங்கள்

நாளைக்குப் போவாள். போய்விட்டு வந்தால் நான் இந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடுவேன். நகம் கடிப்பதையும் நிறுத்திவிடுவேன். பத்து விரலிலும் இனிக் கடிக்க ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

போகவில்லை.

நாலரை மணிக்கு டேப்லெட்டில் வந்தது. "உங்கள் சந்திப்பு ரத்து செய்யப்பட்டது. மீண்டும் நேரம் பெற 14 நாட்களுக்குள் இந்த எண்ணுக்கு 1 என்று அனுப்பவும். தவறினால் மருத்துவரின் புதிய கடிதம் தேவை."

மாற்றவில்லை. ரத்து. அம்மா ஆறரைக்கு வந்தாள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணிகளை மெஷினில் போட்டாள். "ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று என்னைக் கேட்டாள்.

யாரை அறைஞ்சதும்மா, என்னையா?

செப்டம்பர் 18, வியாழன்

செய்துவிட்டேன்.

அம்மா குளிக்கப் போகும்போது போனை என்னிடம் கொடுத்தாள். "குட்டி, இது நிறைஞ்சு போச்சாம், கத்துது. வேண்டாததைத் தூக்கிப்போடு. அக்கா படத்துல மட்டும் கை வைக்காத."

குழாய்ச் சத்தம் கேட்டது. நான் ஆஸ்பத்திரிச் செய்தியைத் திறந்தேன். 1 என்று அடித்தேன். அனுப்பினேன். அவ்வளவுதான். ஒரு எண். ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்துவிட்டது. 22, திங்கள், காலை 10.30. மூன்றாம் மாடி, கிழக்குப் பிரிவு.

குழாய் நின்றது. பயத்தில் நான் அனுப்பியதையும் வந்ததையும் இரண்டையும் அழித்துவிட்டேன்.

அழித்த பிறகுதான் யோசனை வந்தது. மடச்சி. இப்போது அம்மாவுக்கு ஒரு சந்திப்பு இருக்கிறது. அது அம்மாவுக்குத்தான் தெரியாது.

செப்டம்பர் 19, வெள்ளி

வழி கண்டுபிடித்தேன். எங்கள் நாட்காட்டியில் போட்டுவிட்டேன். அப்பாவின் ஷிப்ட் எல்லாம் அதில்தான் இருக்கிறது, எல்லார் போனிலும் தெரியும். திங்கள் 10.30, மூன்றாம் மாடி, கிழக்குப் பிரிவு என்று மட்டும். ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. அம்மா நாட்காட்டியைத் திங்கள் காலையில் ஒருமுறை பார்ப்பாள், அந்த வாரம் அப்பாவுக்கு என்ன ஷிப்ட் என்று. அப்போது கண்ணில் படும். ஆஸ்பத்திரியே போட்டது என்று நினைத்துக்கொள்வாள். நேரம் வந்துவிட்டது, போய்த்தான் பார்ப்போமே என்று போய்விடுவாள்.

போவாளா? போவாள். அப்பா அதையெல்லாம் பார்க்கவே மாட்டார், என்னைத்தான் கேட்பார்.

பதினைந்து நாளில் முதல் தடவையாகப் பசித்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது.

மதியம் நாலு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி, தன் ஆபீஸ் மேனேஜர் தும்மினால் எப்படி இருக்கும் என்று தும்மிக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அப்போது உருண்டை மணியடித்தது.

"நினைவூட்டல். நாளை, திங்கட்கிழமை, காலை பத்து மணி முப்பது நிமிடம். மூன்றாம் மாடி, கிழக்குப் பிரிவு."

நாட்காட்டியில் எதைப் போட்டாலும் முந்தின நாள் பகலில் உருண்டை படித்துச் சொல்லும். அப்பா ஷிப்டை மறக்காமல் இருக்க நானே வைத்தது. நானே. எப்படி மறந்தேன்? அதுவும் முதல் தடவை அப்பா காதில் விழாது என்பதற்காக இரண்டு தடவை சொல்லும்படி வைத்திருந்தேன். அது மறுபடி சொன்னது. ஒரு எழுத்து விடாமல்.

"எனக்கா?" என்றார் அப்பா. "எந்தக் கட்டடம்? கிழக்குப் பக்க லிப்ட் என் கைல இல்லையே."

சித்தி தண்ணீர் தம்ளரைக் கீழே வைத்தாள். "அது லிப்ட் இல்ல மாமா."

"பின்ன?"

சித்தி அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். பெரியம்மாவுக்குத் துணையாக அந்த ஊதா நாற்காலிகளில் மாறிமாறி உட்கார்ந்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான். "அக்கா, யாருக்கு?"

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

"எனக்குத்தான்" என்றாள். "ஆனா நான் அதை ரத்து பண்ணிட்டேனே."

சொல்லிவிட்டு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

வாஷிங் மெஷின் துவைத்து முடித்ததும் அதன் பாட்டைப் பாடியது. யாரும் எழுந்து போகவில்லை. அது பாடி முடிக்கும் வரைக்கும் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் கை தட்டிலேயே இருந்தது.

"நாந்தான் பண்ணேன்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

அதே நாள், பதினொன்றரை

அப்பாவும் சித்தியும் அம்மாவோடு அறைக்குள் வெகு நேரம் பேசினார்கள். சித்தி போனபின் அம்மா என் அறைக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாளா?"

"நாலாந்தேதிலேர்ந்து."

"தேதி எல்லாம் ஞாபகம் வச்சிருக்க."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே சாவி, டேப்லெட், 1 அனுப்பியது, அழித்தது. நோட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"வாங்கின கேமரா பரண் மேல தூங்குது" என்றாள் கடைசியில். "நான் பெத்தது முழிச்சிட்டு இருந்திருக்கு."

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஏம்மா போகல?"

போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டே சொன்னாள். "அக்காவை நாந்தான் போகச் சொன்னேன். மாட்டேன்னா, நாந்தான் சண்டை போட்டுக் கூட்டிட்டுப் போனேன். போற அன்னிக்கு நல்லாத்தான் நடந்து வந்தா, என்னையே கிண்டல் பண்ணிட்டு. அவங்க அதுக்கு ஒரு பேரைச் சொன்னாங்க பாரு, அன்னிக்குப் படுத்தவதான். பேரு சொல்ற வரைக்கும் அது வெறும் கட்டி. அவ்ளோதான்."

"அப்ப நாளைக்கு?"

"தூங்கு."

எழுந்து போகும்போது மேஜைமேல் இருந்த டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போவாளா மாட்டாளா, இனி எனக்கு எதுவும் வந்து சொல்லாது. ஃபிரிட்ஜ் உறுமுகிறது. நான் எண்ணவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் அம்மா வழக்கம்போலக் கடைப் புடவை, கடை அடையாள அட்டை, கடைப் பை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா, நானும் வருகிறேன் என்று நின்றார். "நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே. நீங்க வேலைக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டாள். ஏழே முக்கால் பஸ்ஸுக்கு நடந்து போனதை ஜன்னலில் பார்த்தேன். கடைக்கும் அதே நிறுத்தம், ஆஸ்பத்திரிக்கும் அதே நிறுத்தம்.

பள்ளியில் பத்தரை மணிக்கு வரலாறு. என்ன நடத்தினார்கள் என்று கேட்டால் தெரியாது. சுவர்க் கடிகாரம் மட்டும்தான் தெரியும்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வாசலில் சித்தியின் செருப்பு. அப்பா ஹாலில் ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஷூவோடு அவரை வீட்டுக்குள் நான் பார்த்ததே இல்லை. அம்மா சமையலறையில், அடுப்பிலிருந்து பாத்திரத்தை இடது கையால் இறக்கினாள். வலது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள்.

"ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்திருக்காங்க" என்று அடுப்பிடம் சொன்னாள். "பத்து நாள்ல சொல்வாங்களாம்."

சித்திதான் பிறகு என்னிடம் முழுசாகச் சொன்னாள். அவள் பத்து மணிக்கே போய் ஊதா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாளாம். யாரும் போகச் சொல்லவில்லை. அம்மா நிறுத்தத்திலேயே நின்று பஸ் பஸ்ஸாக விட்டுவிட்டு, கடைசியில் ஒன்றில் ஏறியிருக்கிறாள். பத்தே முக்காலுக்கு மூச்சு வாங்க வந்தாளாம்.

"வருவாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும் சித்தி?"

"தெரியாது. வரலைன்னா அந்த டோக்கன்ல நானே உள்ள போயிருப்பேன். எங்க குடும்பத்துல பொறந்ததுக்கு நானும் ஒரு டெஸ்ட் பண்ணிப் பாக்க வேண்டியதுதானே."

சிரித்தாள். பிறகு மூக்கைச் சிந்தினாள்.

செப்டம்பர் 24, புதன்

அம்மா பேசுகிறாள். "தட்டை எடுத்து வை." "குடையை எடுத்துக்கோ." அதற்கு மேல் இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

"எல்லாத்தையும் பிரி" என்றாள் அம்மா. மதியம் முழுக்க அதுதான் வேலை. போன்கள், டிவி, டேப்லெட், உருண்டை. ஆளுக்கு ஒரு கணக்கு. ஷிப்ட் நாட்காட்டியும் டிவியில் வரும் படங்களும் மட்டும் பொதுவில் இருக்கட்டும் என்றாள்.

"மூணு சாவியா?" என்றார் அப்பா. "பை கிழிஞ்சிடும்."

"கிழிஞ்சா தைச்சுக்கலாம்" என்றாள் அம்மா.

அவள் தன் கடவுச்சொல்லை அடிக்கும்போது நான் சொல்லாமலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுவரில் பல்லி ஒன்று என்னையே பார்த்தது. அடித்து முடித்ததும் அம்மா டேப்லெட்டை என் மடியில் வைத்தாள். "இந்தா. இதுல இனி உன் பாடம் மட்டும்தான் வரும்."

ஒன்பது நாளில் அவளாக எனக்குக் கொடுத்த முதல் பொருள் என்று எழுதப்போனேன். இல்லை, ஏழு நாள்தான். ஒன்பது மாதிரி இருந்தது.

டேப்லெட் இப்போது ரொம்ப அமைதியாக இருக்கிறது. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. முன்பு தெரிந்துகொண்டு பயந்தேன். இப்போது தெரியாமல் பயப்படுகிறேன். இப்படித்தான் எல்லாரும் பயப்படுகிறார்களா?

அக்டோபர் 1, புதன்

கடைக்கு வரச்சொல்லி அம்மா பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்திருந்தாள். ஓடினேன்.

அவள் கடைக்கு வந்த ஒரு அம்மாவுக்குப் புதுக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். குட்டி ஸ்க்ரூக்கள் வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் போன் குப்புறக் கிடந்தது. "வந்திருக்கு. நான் பாக்கல" என்றாள் என்னிடம், திருகிக்கொண்டே. "நீ படி."

"நான் மாட்டேன்."

"நானே கொடுக்கறேன். படி."

எடுத்தேன். கடவுச்சொல்லைச் சொன்னாள். வாயால், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பெரியம்மாவின் பிறந்தநாள்.

"முடிவு வந்துள்ளது. நாளை காலை 9.00, மூன்றாம் மாடி, கிழக்குப் பிரிவு. குடும்ப உறுப்பினர் ஒருவருடன் வரவும்."

படித்தேன். அம்மாவின் திருப்புளி ஒரு நிமிடம் நின்றது. ஒன்றும் இல்லை என்றால் துணைக்கு ஆள் கேட்க மாட்டார்கள். அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு அவள் ஸ்க்ரூவை முடுக்கினாள். கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். அந்த அம்மாவின் முகத்தில் மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிவிட்டாள்.

"இப்ப பாருங்க. தெளிவா இருக்கா?"

"நல்லாத் தெரியுதும்மா" என்றாள் அந்த அம்மா.

அக்டோபர் 2, வியாழன்

அப்பா கூடப் போனார். ஷூவைத் துடைத்துப் பளபளவென்று போட்டுக்கொண்டு போனார். ஆமாம் என்று சொல்லிவிட்டார்கள். பெயரையும் சொல்லிவிட்டார்கள்.

அக்டோபர் 4, சனி

நான் 1 என்று அனுப்பாமல் இருந்திருந்தால் அது வெறும் கட்டியாகவே இருந்திருக்குமா? எனக்குத் தெரியும், அப்படி எல்லாம் இல்லை, அறிவியல் படிக்கிறேன். ஆனால் பாதி ராத்திரியில் அறிவியல் எங்கே போகிறது? அம்மா படுத்துவிட்டால்? பெரியம்மா மாதிரி, சொன்ன அன்றைக்கே—

அம்மா படுக்கவில்லை. இன்று மூன்று மெஷின் துணி துவைத்தாள். நான் ஒவ்வொரு மணிக்கும் போய் எட்டிப் பார்த்தேன். நாலாவது தடவை, "என்ன, நான் எழுந்து நிக்கிறேனான்னு பாக்கறியா?" என்றாள். "நிக்கிறேன். போய்ப் படி."

அக்டோபர் 17, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. ரெண்டு மணி நேரம். அப்பா ஆஸ்பத்திரி லிப்டில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தாராம். "மூணாவது மாடில கொஞ்சம் உதறுது, சொல்லிட்டு வந்தேன்" என்றார். கட்டி சின்னது, பக்கத்தில் எங்கும் பரவவில்லை என்று டாக்டர் சொன்னாராம். சித்தி அங்கேயே தனக்கும் பரிசோதனைக்கு நாள் வாங்கிவிட்டாள்.

அம்மா கண் திறந்து முதலில் கேட்டது, துணியைக் காயப்போட்டீங்களா என்று.

டிசம்பர் 1, திங்கள்

ரொம்ப நாளாக எழுதவில்லை. நேற்று ராத்திரி அம்மா சமையலறையில் தனியாக நின்று உருண்டையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "பதினொண்ணு. பதினோரு மணி இல்ல. பதினொண்ணாவது தடவை." "தங்கள் வினா எனக்கு விளங்கவில்லை." "விளங்காது, எங்க விளங்கும்." நான் எழுந்து போய் நினைவூட்டலை வைத்துக்கொடுத்திருக்கலாம். போகவில்லை. அவளே வைக்கட்டும் என்று படுத்திருந்தேன்.

காலை ஏழு மணி. அப்பா சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். சித்தி துணைக்குப் போக வந்திருந்தாள்.

"நினைவூட்டல்" என்றது உருண்டை. "அம்மாவுக்குக் கதிர் சிகிச்சை. பதினைந்தில் பதினொன்று. உடன் செல்பவர் தங்கை. திரும்பும்போது முட்டை வாங்கவும்."

இரண்டாவது தடவையும் சொன்னது. அம்மா குறுக்கே பேசாமல் முழுசாகச் சொல்லவிட்டாள்.

"முட்டை எத்தனை?" என்றார் அப்பா.

"தங்கள் வினா எனக்கு விளங்கவில்லை."

"ஒரு டஜன்" என்றாள் அம்மா, கடை அடையாள அட்டையை மாட்டிக்கொண்டே. சிகிச்சை முடிந்ததும் மதியத்துக்கு மேல் கடைக்குப் போகிறாள். டிவியில் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெரியம்மா வந்தாள், குடையோடு. ரிமோட் அம்மாவின் பக்கத்திலேயே இருந்தது.

"அந்தக் குடை மடங்கவே மடங்காது" என்றாள் அம்மா. "நாந்தான் வாங்கிக்கொடுத்தேன்."

"அதான் அவ கடைசி வரைக்கும் உன்னைத் திட்டினா" என்றாள் சித்தி. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்கள்.

கணக்கு முன்னாலிருந்து வந்து இதைத் தொட்டுவிட்டது. நடுவில் இந்தப் பக்கம் ஒன்றுதான் பாக்கி. இன்று போர்வைக்குள் எழுதவில்லை. ஹால் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போதுதான் அம்மா தண்ணீர் குடிக்க வந்தாள்.

"என்ன எழுதற?"

"கணக்கு."

"பின்னாலேர்ந்தா?"

நான் நோட்டை மூடவில்லை. கையை வைத்து மறைக்கவும் இல்லை. அவள் நின்றாள். குனிந்து பார்க்கவில்லை. கிளிப் விளக்கை மட்டும் என் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.